‘இரண்டு இதழ்களோடு நின்றது’: கல்முனை வாசகர் சங்கமும் தொடர்ச்சி பற்றிய வினாவும்

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாறு பற்றி எழுதுவோர் பெரிதும் கையாளும் ஒரு வாக்கியம் உண்டு: ‘இச்சஞ்சிகை சில இதழ்களோடு நின்றுபோயிற்று.’ தகவல் கூறுவது போலத் தோன்றினும் உண்மையில் இது ஒரு தீர்ப்பாகும். எத்தனை இதழ் வந்தது, எத்தனை ஆண்டு கூட்டம் நடந்தது, எத்தனை பேர் கூடினர் என்ற எண்ணிக்கையே ஓர் இலக்கிய முயற்சியின் வெற்றி தோல்விகளை நிர்ணயிப்பதாக இவ்வாக்கியம் கொள்கிறது. கல்முனையை மையமாகக் கொண்ட அம்பாறைக் கரையோரத்தின் இலக்கிய முயற்சிகளை நோக்கும்போது இவ்வளவுகோல் எவ்வளவு குறைபாடுடையது என்பது புலனாகும்.

இக்கரையோரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய முஸ்லிம் ஊர்களும் பெரியநீலாவணை, பாண்டிருப்பு போன்ற தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று ஊடறுத்து அமைந்துள்ளன. ஒரு பிரதான வீதியில் சில மைல் தூரம் செல்பவர் பல முறை ஊர் மாறுவார். இலக்கியமும் அவ்வாறே கலந்து வளர்ந்தது. பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் 1960களில் கல்முனை எழுத்தாளர்களை ஒன்றுதிரட்டியவர். அவர் நடத்திய ‘பாடும் மீன்’ இரண்டு இதழ்களே வெளிவந்தது. கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான், பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம் முதலியோரின் உழைப்பில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் ‘கவிஞன்’ என்ற கவிதைக் காலாண்டிதழ் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. மேற்குறித்த அளவுகோலின்படி இவ்விரண்டும் தோல்விகளே.

ஆயின், ‘கவிஞன்’ வெளிவந்த அதே காலத்தில் கல்முனையிலிருந்து ‘வாசகர் சங்க வெளியீடு’ என்ற பெயர் தாங்கிய நூல்கள் வரத் தொடங்கின. யாழ்ப்பாணத்து அளவெட்டியிற் பிறந்த மஹாகவியின் ‘கோடை’ 1970இல் இவ்வகையில் வெளிவந்தது. நாதஸ்வரக் கலைஞர் குடும்பம் ஒன்றை நடுவாகக் கொண்ட அப்பா நாடகம் யாழ்ப்பாணத்தில் அன்றிக் கல்முனையில் நூலுருப் பெற்றமை சிந்திக்கத்தக்கது. அடுத்த ஆண்டில், சாமானியன் ஒருவனின் வாழ்வைப் பிறப்பு முதல் இறப்பு வரை பாடும் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ வந்தது. 1971 ஜூன் மாதத்தில் மஹாகவி நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். ‘வீடும் வெளியும்’ என்ற அவரது கவிதைத் தொகுதி 1973இல் வெளியிடப்பட்டது. பின்னர், நுஃமான் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய காலத்திலும் அப்பெயர் மறையவில்லை. மௌனகுரு, சித்திரலேகா ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979இலும், அவரது மொழிபெயர்ப்பான ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இலும் வாசகர் சங்க வெளியீடுகளாகவே வந்தன. இன்று ஈழத்து இலக்கியம் பயிலும் மாணவர் எவரும் இவற்றைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது.

இதழ் நின்றது, பணி நிற்கவில்லை. ஏன் என்பதே வினா.

சஞ்சிகை என்பது தேதியிட்ட வாக்குறுதி. காலாண்டு எனச் சொல்லிவிட்டால் மூன்றாம் மாத முடிவில் இதழ் வந்தாக வேண்டும். சந்தாப் பணம், அச்சுக்கூலி, தபாற் செலவு, எழுதுவதாகச் சொல்லி எழுதாதோரின் நட்பு ஆகிய அனைத்தும் அத்தேதியைச் சுற்றியே சுழலும். ஒரு முறை பிந்தினால் வாசகரின் நம்பிக்கை குறையும். நம்பிக்கை குறைந்தால் சந்தா குறையும். சந்தா குறைந்தால் அடுத்த இதழ் மேலும் பிந்தும். சிற்றிதழ்கள் பலவற்றின் சரித்திரம் இதுவேயாகும். நூலுக்கோ இத்தகைய நெருக்கடி இல்லை. பணம் சேரும்வரை கையெழுத்துப் பிரதி காத்திருக்கும். தேதியைக் கைவிட்டுப் பணியை வைத்துக்கொண்டதே கல்முனையில் நிகழ்ந்த மாற்றம் எனலாம். அக்காலச் சூழ்நிலையும் இதற்கு ஓரளவு துணைநின்றது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை ஈழத்து வெளியீடுகளின்பால் வாசகரைத் திருப்பிற்று. எனினும் சூழ்நிலையை மட்டும் காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. அதே சூழ்நிலையில் மறைந்துபோன முயற்சிகளும் பலவுள.

சென்னையில் சத்தியமூர்த்தியின் மகள் இலட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் தொடங்கிய ‘வாசகர் வட்டம்’ ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. வாசகரை உறுப்பினராக்கி, அவர்களை நம்பித் தரமான நூல்களை அழகிய அமைப்பில் வெளியிடுவது அதன் திட்டம். கடல் கடந்த தமிழரின் எழுத்துகளைத் தொகுத்த ‘அக்கரை இலக்கியம்’ 1968இல் அதன் வழியாகவே வந்தது. அதுவும் நீண்ட காலம் நீடிக்கவில்லை. இங்கிலாந்தில் 1936இல் விக்டர் கொலான்ஸ் தொடங்கிய ‘இடதுசாரி நூற்கழகம்’ ஒரு காலத்தில் 57,000 உறுப்பினரைக் கொண்டிருந்தும் 1948இல் முடிவுற்றது. எண்ணிக்கை மிகுதியும் ஆயுளை உறுதிசெய்வதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதுவரை கூறியவற்றால் கல்முனை வாசகர் சங்கம் குறையற்றது என்று கொள்ளலாகாது. அதன் பெயரில் வாசகர் இருந்தனர். அதன் பயனாக நம் கையில் எஞ்சியிருப்பவை நூல்கள். சங்கம் படிப்படியாகப் பதிப்பகமாயிற்று. பதிப்பகம் பெரிதும் ஒருவரின் உழைப்பாயிற்று. ஒருவர் தோளில் நிற்கும் நிறுவனம் அவர் ஊர் மாறும்போது தானும் ஊர் மாறிவிடும். நூலை வெளியிடுவது ஒரு பணி. வெளிவந்த நூலை ஓர் ஊரார் கூடியிருந்து வாசிப்பது வேறொரு பணி. முதலாவதைத் தனிமனிதர் செய்யலாம். இரண்டாவதற்குக் குறைந்தது ஒரு திண்ணையும் நாலு பேரும் வேண்டும். நமது விமர்சகர் முதலாவதை வரலாற்றில் எழுதினர்; இரண்டாவதை எழுதத்தக்க ஒன்றாகவே கருதவில்லை. இது விமர்சனத்தின் குறைபாடு. கூடி வாசித்தலுக்கு மதிப்பில்லை என்ற எண்ணத்தை அது வளர்த்துவிட்டது.

கூடி வாசித்தலின் மதிப்பு இக்கரையோரத்தில் ஏனைய இடங்களைவிடக் கூடுதலானது. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே நேர்ந்த வன்செயல்கள், ஒரே வீதியில் அடுத்தடுத்து வாழ்ந்தோரை ஒருவரையொருவர் அஞ்சுவோராக்கின. பாடசாலை, சந்தை, அரசியற் கட்சி என்பனவெல்லாம் பெரும்பாலும் தத்தம் ஊருக்குள் ஒடுங்கின. நீலாவணனும் நுஃமானும் சிவலிங்கமும் ஒரு கவிதைக்காக ஒருவரோடொருவர் வாதிட்ட இடம் அத்தகைய ஒடுக்கத்துக்கு உட்படாத ஒன்றாக இருந்தது. கவிதைகள் ஏட்டில் நிலைபெற்றன, அவ்விடம் நிலைபெறவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையான கரையைச் சிதைத்தபோது வீடுகளோடு வீட்டு நூலகங்களும் அழிந்தன. நூல்களுள் சில மறுபதிப்புகளாலும் மின்னூலகங்களாலும் மீண்டும் கிடைத்தன. கூடும் பழக்கத்துக்கு மறுபதிப்பு இல்லை.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசித் திரைகளிற் கூடத் தொடங்கிய வாசகர் குழுக்கள் பலவற்றின் முன் இன்று இதே வினா நிற்கிறது. ஐம்பது பெயர் பதிந்திருக்க, நூலை முடித்து வருபவர் ஐவர் மட்டுமே எனில் குழுவைத் தொடர்வதா, கலைப்பதா? ‘பாடும் மீன்’ நின்றதை எழுதிய வரலாற்றாசிரியர் போல நோக்கினால் விடை எளிது: ஐவர் என்பது தோல்வி. அவ்விடையை ஏற்பதற்கில்லை.

அவ்வாறாயின் எந்நிலையிலும் தொடர்தல் வேண்டும் என்று கூறுவதும் சோம்பலான விடையே. நடத்துபவர் ஒருவரே நூலைத் தெரிந்து, அறிவித்து, பேசி, நன்றியும் கூறி முடிக்கும் கூட்டத்தைத் தொடர்வதால் ஆவது ஒன்றுமில்லை; அதனை நிறுத்தினால் அவருக்கேனும் வாசிக்க நேரம் கிடைக்கும். தேதி சுமையாயின் தேதியை விடலாம். ‘கவிஞன்’ நின்றபின் கல்முனையில் செய்தது அதுவே. மாதக் கூட்டம் ஆண்டுக்கு மூன்றாகலாம். புதிய நூல்களுக்குப் பதிலாக, நீலாவணன் மறைந்து ஏழாண்டுகளின் பின் 1982இல் வெளிவந்த ‘வேளாண்மை’ போன்ற ஒரு காவியத்தை, அதிலுள்ள வயற்சொற்களை அறிந்த முதியவர் ஒருவரை அருகில் இருத்தி, மெல்ல வாசிக்கலாம். அத்தகைய வாசிப்பைப் பல்கலைக்கழக வகுப்பறை தர இயலாது. அச்சொற்களை வாழ்க்கையிற் கையாண்டவர்கள் ஊரில்தான் இருக்கின்றனர். அவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் கணக்கிடவேண்டியது வருவோர் தொகையன்று. வருவோர் வேறு எங்கேனும் சந்திக்கின்றனரா என்பதாகும். சந்திக்கின்றனர் எனில் குழுவைத் தயக்கமின்றிக் கலைக்கலாம். அவ்வைவருள் மூவர் கல்முனைக்குடியிலிருந்தும் இருவர் பாண்டிருப்பிலிருந்தும் வருவோராயின், கலைப்பது பற்றி வாக்கெடுப்பதற்கு முன், திரையை விட்டு அடுத்த முறை யார் வீட்டில் கூடுவது என்று அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.