கிட்டார் ஒலியின் கடைசி முழம்

மின்கிட்டாரின் ஒலியை ரசிப்போர் பெரும்பாலும் கிட்டாரின் மரத்தையும், கம்பியதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும், ஆம்ப் எனப்படும் மிகைப்பியின் வால்வுகளையும் பற்றியே பேசுகின்றனர். ஆனால் இசைத்தட்டில் காதை வந்தடையும் ஒலியின் நிறத்தை அவை அனைத்தையும் விட அழுத்தமாகத் தீர்மானிப்பவை, மின்சாரத்தைக் காற்றதிர்வாக மாற்றும் ஸ்பீக்கர், அதைத் தாங்கும் மரப்பெட்டியாகிய கேபினெட், அதன் முன் நிறுத்தப்படும் மைக் ஆகிய மூன்றுமே ஆகும். ஆம்புகளின் நடத்தையைக் கணினிக் கணக்குகளால் உருவாக்கித் தரும் ஆம்ப் மாடலர் என்னும் கருவிகளில், வால்வைக் கணக்கிடும் பகுதிக்குக் கிடைக்கும் புகழில் சிறு பங்கும் இந்தக் கடைசிப் பகுதிக்குக் கிடைப்பதில்லை. செவியால் தேர்ந்து செய்ய வேண்டிய கலை அதிகம் எஞ்சியிருப்பதோ இங்கேதான்.

கிட்டார் ஸ்பீக்கர் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் போன்றதன்று. பெரும்பாலும் 12 அங்குல விட்டமுள்ள காகிதக் கூம்பொன்றே அதன் முழு உடலாக இருப்பதாலும், உச்ச ஒலிகளுக்கெனத் தனியான டுவீட்டர் அதில் இல்லாததாலும், ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 24 கட்டைகள் கொண்ட கிட்டாரின் உச்ச சுரம்கூட 1,319 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. ஆனால் ஆம்ப் தன் எல்லையை மீறி முழங்கி அலையின் முகடுகளை வெட்டும்போது, அதாவது டிஸ்டார்ஷன் நிகழும்போது, அடிப்படைச் சுரத்தின் மடங்குகளாகிய மேற்சுரங்கள் கேள்விப்புலனின் எல்லை வரை அடுக்கடுக்காய் எழுகின்றன. ஆம்பின் வெளியீட்டை ஸ்பீக்கர் இல்லாமல் நேரே பதிவு செய்தால் காதைக் கிழிக்கும் கரகரப்பே கேட்பதற்கு இதுவே காரணம். காகிதக் கூம்பு தன் இயலாமையால் அந்தக் கரகரப்பை நீக்கி, நடு அதிர்வெண்களில் சில இடங்களை மேடாக்கி, சில இடங்களைப் பள்ளமாக்கி, மனிதக் குரலுக்கு நெருக்கமான ஓர் ஒலியை விட்டுச்செல்கிறது. ராக் இசையின் ஒலியழகில் பெரும்பகுதி இவ்வாறு கழித்தலால் பிறந்தது.

கழிக்கும் முறையில் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறுபாடு உண்டு. வாக்ஸ் ஏசி30 ஆம்பில் இடம்பெற்ற செலஷன் நிறுவனத்தின் நீலநிற அல்னிகோ காந்த ஸ்பீக்கர்கள், பின்புறம் திறந்த பெட்டியில் மணியோசை போன்ற மேற்சுரங்களுடன் ஒலிப்பவை. அதே நிறுவனத்தின் 25 வாட் கிரீன்பேக், பின்புறம் மூடிய மார்ஷல் பெட்டியில் நான்காய்ச் சேர்ந்தபோது, முனை மழுங்கிய, நெஞ்சில் இடிக்கும் நடுவொலியைத் தந்தது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவான கனத்த ராக் இசையைப் பெரிதும் இந்தப் பெட்டியின் வழியாகவே உலகம் கேட்டது. 1986இல் வந்த விண்டேஜ் 30, மேல்நடுப் பகுதியில் ஓர் எடுப்பான மேட்டைக் கொண்டிருப்பதால், டிரம்ஸும் பேஸும் நிறைந்த கலவையிலும் கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவருகிறது. தனியே கேட்கையில் சற்றுக் கடுமையாகத் தோன்றும் இந்த ஸ்பீக்கர் மெட்டல் இசைப் பதிவுகளில் நிலைபெற்றதற்கு இந்தக் குணமே காரணம்.

மைக்கின் பங்கு இதைவிட நுட்பமானது. கூம்பின் நடுவிலுள்ள குமிழ்மூடிக்கு நேரே மைக்கை நிறுத்தினால் உச்ச ஒலிகள் கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த அவை மங்கி உடற்கட்டுள்ள நடுவொலி மேலோங்கியும் கேட்கும். கூம்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரே தட்டாக அசைவதில்லை என்பதே இதற்குக் காரணம்: தாழ்ந்த ஒலிகளில் முழுக் கூம்பும் சேர்ந்து முன்பின்னாக நகர்கிறது, உயர்ந்த ஒலிகளில் அதன் பரப்பு பகுதி பகுதியாகப் பிரிந்து அதிர்வதோடு, உச்ச ஒலிகள் நடுப்பகுதியிலிருந்தே குறுகிய கற்றையாக வெளிப்படுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழும் இடம் சற்றே நகர்ந்தால் சொல்லே மாறிவிடுவதைப் போல, இங்கும் ஒரு விரற்கடை நகர்வில் ஒலியின் பேச்சு மாறிவிடுகிறது. குமிழ்மூடியின் ஓரம் கூம்பைத் தொடும் எல்லையைப் பதிவாளர்கள் பலரும் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது தற்செயலன்று. கூர்மையும் உடற்கட்டும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் இடம் அது.

மைக்கின் வகையும் அதன் தூரமும் இதனோடு சேர்கின்றன. 1965இல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்57, எளிய விலையுள்ள டைனமிக் மைக். ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸ் அருகே அதற்கு இயல்பாகவே ஓர் எழுச்சி இருப்பதால், கூம்பு கழிக்கத் தொடங்கும் இடத்தில் இது சற்றுக் கூட்டிக்கொடுக்கிறது. இந்த எதிரெதிர் வளைவுகளின் பொருத்தமே அந்த மைக்கைக் கிட்டார் பதிவின் இலக்கணமாக்கியது என்று கூறலாம். 1998இல் வந்த ராயர் ஆர்-121, காந்தப்புலத்தில் தொங்கும் மெல்லிய அலுமினியப் பட்டையால் ஒலியை வாங்கும் ரிப்பன் மைக். உச்சத்தில் மென்மையும் அடியில் கனமும் உடையது. இவ்விரு வகைகளுமே ஒலிமூலத்தை நெருங்க நெருங்க அடியொலியை மிகைப்படுத்திக் காட்டுபவை. எனவே கூம்பைத் தொடும் நெருக்கத்திலிருந்து ஒரு சாண் பின்னே இழுப்பது, இடம் மாற்றும் செயலாக இருப்பதோடு அடியொலியின் அளவைத் திருத்தும் செயலாகவும் ஆகிவிடுகிறது.

இத்தனையையும் ஒரு பெட்டிக்குள் அடக்கும் முயற்சி கணினிக்கும் முந்தியது. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1982இல் வெளிக்கொணர்ந்த ராக்மேன் என்னும் சிறு கருவியும், 1989இல் வந்த சான்ஸ்ஆம்பும், மின்சுற்று வடிகட்டிகளாலேயே கேபினெட்டின் சரிவைப் போலச் செய்தன. அவை கேபினெட்டின் பொதுவான கோட்டுருவத்தைத் தந்தன. குறிப்பிட்ட ஒரு பெட்டியின் முகச்சாயலைத் தருவது அவற்றால் இயலவில்லை. அந்தச் சாயலைக் கொண்டுவந்தது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்னும் முறை. சுருக்கமாக ஐஆர் எனப்படும் இது, மிக நுண்ணிய ஒற்றைத் துடிப்பு ஒன்றை ஒரு பெட்டிக்குள் செலுத்தினால், அது மைக்கை எவ்வாறு சென்றடைந்து எவ்வாறு தேய்ந்து மறையும் என்பதன் பதிவாகும். உண்மையில் துடிப்பைச் செலுத்துவதில்லை. தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உச்சம் வரை வழுவி ஏறும் ஒரு தொனியைச் செலுத்தி, பதிவானதிலிருந்து துடிப்பின் மறுமொழியைக் கணக்கிட்டு எடுக்கின்றனர். இத்தாலிய ஒலியியலாளர் ஏஞ்சலோ ஃபரீனா 2000இல் விளக்கிய அடுக்குக்குறி வேகத் தொனிமுறை இதில் பெரும் பயன் தந்தது. ஸ்பீக்கர் உண்டாக்கும் டிஸ்டார்ஷனைத் தூய மறுமொழியிலிருந்து அது காலத்தால் பிரித்துவிடுகிறது.

பின்னர் கிட்டாரின் ஒவ்வோர் ஒலிமாதிரியையும் அந்த மறுமொழி முழுவதாலும் பெருக்கிக் கூட்டும் கன்வல்யூஷன் என்னும் கணக்கு நிகழ்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகளும் 2,048 மாதிரி நீளமுள்ள ஐஆரும் இருந்தால், நேர்வழியில் செய்வதற்கு நொடிக்கு ஏறத்தாழ 9.8 கோடிப் பெருக்கல்கள் தேவை. இந்த நீளம் காலத்தில் 43 மில்லிநொடியே ஆயினும், 23 ஹெர்ட்ஸ் அளவுக்கு நுணுக்கமாக அடியொலியை வரைய அது போதுமானது. நீளத்தைப் பாதியாக்கினால் நுணுக்கமும் பாதியாகி, மூடிய பெட்டியின் மரம் அதிரும் அந்தக் கனம் முதலில் கலங்குகிறது. உச்ச ஒலியில் வேறுபாடு தெரியாதவர்களும் கீழ்க்கம்பியை உள்ளங்கையால் அடக்கி வாசிக்கும்போது இதை உணர்வர்.

ஐஆர் ஒன்று ஒரே மைக்கின் ஒரே நிலையை மட்டுமே உறையவைக்கிறது. திரையில் விரலால் மைக்கை நகர்த்தச் செய்யும் மாடலர்கள், கூம்பின் முன் பல புள்ளிகளில் எடுத்த பதிவுகளைக் கொண்டு இடைப்பட்ட நிலைகளைக் கணக்கிட வேண்டியுள்ளது. அருகருகே உள்ள இரு பதிவுகளை வெறுமனே பாதிப்பாதியாகக் கலந்தால் நடுநிலையில் நின்ற மைக்கின் ஒலி கிடைப்பதில்லை. இரு மைக்குகள் சேர்ந்து ஒலிக்கும் ஒலியே கிடைக்கும். நேரச் சீர்மை பேணி இடைநிலையைக் காட்டும் கருவியிலேயே, நகர்த்தும் விரலுக்கும் கேட்கும் செவிக்கும் இடையே நம்பிக்கை பிறக்கிறது.

இரு மைக்குகளை வேண்டியே சேர்ப்பது தனிக்கலை. ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், ஒரு மைக் மற்றதைவிட 10 செ.மீ. பின்னே இருந்தால், ஏறத்தாழ 1,700 ஹெர்ட்ஸில் இரண்டின் அலைகளும் எதிர்க்கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. கிட்டார் தெளிவாகப் பேசும் இடத்திலேயே பள்ளம் விழுகிறது. இதை அழகாக்கிக்கொண்ட முறைகளும் உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஒலிக்கூடத்தின் பெயரால் ஃப்ரெட்மேன் முறை எனப்படுவது, ஓர் எஸ்எம்57ஐ நேராகவும் மற்றொன்றை ஏறத்தாழ 45 பாகை சாய்த்தும் அருகருகே நிறுத்தி, அவற்றின் கலப்பாலேயே மேலொலியைச் செதுக்குகிறது. மாடலரில் 48,000 மாதிரி வேகத்தில் ஓர் ஐஆரை ஒரே ஒரு மாதிரி பின்னுக்குத் தள்ளுவது, மைக்கை 7 மில்லிமீட்டர் பின்னே இழுப்பதற்குச் சமம். தாங்கியின் திருகைத் தளர்த்தி உண்மையான மைக்கை அவ்வளவு துல்லியமாக நகர்த்துவது எந்தக் கைக்கும் அரிது. டிஜிட்டல் கருவி உண்மைக் கருவியை விஞ்சும் இடம் இது. எனினும் இதைப் பயன்படுத்துவோர் சிலரே என்பது வருந்தத்தக்கது.

அறையில் ஆம்ப் நிற்கும் உணர்வு மாடலரில் இல்லை என்ற குறை அடிக்கடி எழுகிறது. அக்குறை மெய்யானது, ஆனால் அது தவறான இடத்தில் சாட்டப்படுகிறது. அறையில் நிற்பவர் கூம்பின் அச்சுக்கு விலகி, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒலியைக் கேட்கிறார். ஐஆர் தருவது கூம்புக்கு ஒரு சாண் முன்னிருந்த மைக் கேட்டது. ரசிகர்கள் இசைத்தட்டுகளில் நேசித்து வளர்ந்த கிட்டார் ஒலிகளில் பெரும்பாலானவை அந்த மைக்கின் செவி வழியாகவே வந்தவை. தாழ்ந்த ஒலியளவில் அடியும் உச்சமும் மனிதச் செவிக்குக் குறைந்து கேட்பதால், நள்ளிரவில் மெதுவாகக் கேட்டு அமைத்த ஒலி மேடையில் முழங்கும்போது குத்துவதையும் இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும். மைக்கை ஒரு விரற்கடை விளிம்பை நோக்கி நகர்த்துவதே பலமுறை அதற்குப் போதுமான மருந்து.

ஐஆரால் இயலாதவையும் உண்டு. அது உள்ளீட்டின் அளவுக்கு ஏற்ப மாறாத மறுமொழி. உண்மையான கூம்போ உரத்து இயங்கும்போது இறுகி, கம்பிச் சுருள் சூடேறி, தாக்கத்தின் முனைகளைத் தணிக்கிறது. ஸ்பீக்கரின் மின்தடுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறி, வால்வு ஆம்பின் நடத்தையையே திருத்துகிறது. இவற்றைத் தனித்தனிக் கணக்குகளாகச் சேர்க்கும் மாடலர்கள் பதிவில் காதை நிறைவுசெய்கின்றன. ஆனால் ஸ்பீக்கரின் காற்றழுத்தம் கிட்டாரின் கம்பியைத் திரும்ப அதிரச்செய்து சுரத்தை முடிவின்றி நீளவைக்கும் ஃபீட்பேக்கிற்கு ஹெட்ஃபோன் போதாது. அதற்குக் கிட்டாரின் அருகே ஏதேனும் ஒரு ஸ்பீக்கர் உரத்து ஒலிக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே மாடலரை மேடைக்குக் கொண்டுசெல்லும் வாசிப்பாளர்களில் பலர், தங்கள் ஒலி ஐஆர் வழியே நேரே அரங்குக்குச் சென்றுகொண்டிருக்கும்போதும், காலருகே ஒரு மானிட்டர் ஸ்பீக்கரையோ பின்னால் ஓர் உண்மையான பெட்டியையோ வைத்துக்கொள்கின்றனர்.