இளங்கலை நிலையில் ஒப்பிலக்கியம்: மூலமும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஒப்பிலக்கியம் முதுகலைக்கும் அதற்கு மேற்பட்ட ஆய்வுக்கும் உரிய துறை என்னும் கருத்துக் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவுகிறது. ஓர் இலக்கியத்திலேனும் ஆழ்ந்த பயிற்சி பெறாத மாணவர் இரண்டினை எங்ஙனம் ஒப்பிட இயலும் என்பது இக்கருத்தினரின் வினா. இதற்கு மாறாக, 1956இல் புத்ததேவ போஸின் முயற்சியால் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஒப்பிலக்கியத் துறை இளங்கலை மாணவர்க்கும் இதனை முதன்மைப் பாடமாக்கியது. காளிதாசரையும் போதலேரையும் வங்காளத்தில் பெயர்த்தவர் போஸ் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

2. மொழிபெயர்ப்பின் இடம்

அமெரிக்க ஒப்பிலக்கியக் கழகத்தின் 1965, 1975ஆம் ஆண்டு அறிக்கைகள் மூலமொழிப் பயிற்சியை வற்புறுத்தின. 1993ஆம் ஆண்டு அறிக்கையோ மொழிபெயர்ப்பின்பால் இருந்துவந்த பகைமை தணிய வேண்டும் என்றது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகளைக் கொண்ட இந்தியாவில் மொழிபெயர்ப்பின்றி ஒப்பிலக்கியப் பாடத்திட்டம் அமைதல் அரிது. எனினும் பெயர்ப்பையே மூலமெனக் கொள்ளும் பழக்கம் ஒப்பீட்டின் அடிப்படையையே குலைத்துவிடும்.

3. ஓர் எடுத்துக்காட்டு

வங்காளத்தில் 'ஷே' என்னும் படர்க்கை ஒருமைப் பெயர் ஆண், பெண் இருபாற்கும் பொது. மதிப்புப் பொருளில் வரும் 'தினி' என்பதும் அத்தகையதே. வினைமுற்றும் பால் காட்டுவதில்லை. ஆங்கிலம் படர்க்கை ஒருமைப் பெயரில் பால் காட்டும். தமிழோ பெயரோடு வினைமுற்றிலும் காட்டும். ஆதலின் பால் சுட்டாத வங்காளக் காதற்கவிதை ஒன்றனைப் பெயர்ப்பவர் 'அவன்' அல்லது 'அவள்' என ஒன்றனைத் துணிய நேர்கிறது. தமிழில் 'அவர்' எனின் பால் மறையும். ஆனால் மூலத்தில் இல்லாத மதிப்புப் பொருள் புகுந்து நெருக்கம் குறையும்.

இக்கவிதையைச் சங்க அகப்பாடல் ஒன்றனோடு ஆங்கில வழியே ஒப்பிடும் மாணவர், இரண்டிலும் 'அவன்' எனக் கண்டு ஒற்றுமை கூறுவார். அகப்பாடலில் தலைவனது பெயர் சுட்டப்படாவிடினும் அவனது பாலை இலக்கணமும் கூற்று மரபும் தெரிவிக்கின்றன. வங்காளக் கவிதையிலோ அது பெயர்ப்பாளரின் முடிவு. மூலம் திறந்து வைத்த பொருளைப் பெயர்ப்பு அடைத்துவிட்டதனை மாணவர் அறியார். ஆசிரியரும் மூலமறியாராயின் திருத்துவார் இலர்.

4. முடிவுரை

மூன்றாண்டுகளில் பிறிதொரு மொழியில் இலக்கியப் புலமை எய்துதல் எளிதன்று என்னும் தடை பொருளுடையதே. ஆயின் இளங்கலை மாணவர்க்கு வேண்டுவது முழுப்புலமையன்று. பெயர்ப்பாளர் எங்கே எதனைத் துணிந்தார் என்று காணும் அளவிற்கு மொழியமைப்பறிவு இருத்தல் போதும். தாய்மொழியல்லாத இந்திய மொழி ஒன்றன் அடிப்படை இலக்கணம், உருபன் பகுப்புடன் கூடிய மூலப்பகுதிகள், ஒரே பாடலுக்கு இரு பெயர்ப்புகள் ஆகியன பாடத்திட்டத்தில் இடம்பெறல் வேண்டும். அப்பகுப்புகளை ஆக்கித் தருதல் மொழியியலார் கடன். தம் தெரிவுகளை முன்னுரையில் வெளிப்பட உரைத்தல் மொழிபெயர்ப்பாளர் கடன். இவ்விரண்டும் அமையாதவழி, ஒப்பிலக்கியம் என்னும் பெயரில் மாணவர் ஒப்பிடுவது ஆங்கில நூல்களை மட்டுமே.