கறுத்த இலை சொல்வதும் சொல்லாததும்

மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அங்கே உயிரியல் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் ஆசிரியர் எப்படியும் செய்துகாட்ட வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு: இலையில் மாவுச்சத்தைக் கண்டறிவது.

செம்பருத்திச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் இலையிலுள்ள மாவுச்சத்து தீர்ந்துவிடும். பிறகு ஓர் இலையின் நடுவே அலுமினியத் தாளைச் சுற்றி, செடியைச் சில மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். பறித்த இலையைக் கொதிநீரில் முக்கி, எத்தனாலில் பச்சையத்தை நீக்கி, அயோடின் விடுவார்கள். வெயில் பட்ட இடம் கருநீலமாகும். மூடிய பகுதி பழுப்பாகவே நிற்கும். ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் ஃபான் சாக்ஸ் 1860-களில் நடத்திய ஆய்வுகளின் வழிவந்த முறை இது. செலவு குறைவு, ஒப்பீடும் ஒரே இலையிலேயே கிடைக்கிறது. எத்தனால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும். அதனால் சோதனைக் குழாயை நேரே நெருப்பில் காட்டாமல் வெந்நீரில் நிறுத்த வேண்டும். ஆய்வுக்கூட ஒழுங்கு அங்கேயே படிந்துவிடுகிறது.

சிக்கல், ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்று முடிவை எழுதும்போது வருகிறது. அயோடின் காட்டுவது மாவுச்சத்தை மட்டும்தான். இலை முதலில் சர்க்கரையை உண்டாக்கி, மிஞ்சியதை மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கிறது. வெங்காயத்தாளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது; எவ்வளவு வெயில் பட்டாலும் அது கறுக்காது. எதிர்ப்பக்கமும் ஓட்டைதான்: சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்ட இலை இருட்டிலும் மாவுச்சத்தைச் சேர்க்கும். இது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. போதாததற்கு, இறுகச் சுற்றிய தாள் ஒளியோடு காற்றையும் தடுக்கிறது. அதே அளவிலான, ஒளிபுகும் பிளாஸ்டிக்கை இன்னோர் இலையில் சுற்றிப் பார்த்தால்தான் குற்றவாளி யாரென்று தெரியும். அதைச் செய்யும் வகுப்புகள் அபூர்வம்.

தஞ்சோங் மாலிம் போன்ற தித்திவங்சா மலையடிவார ஊரில் வானம் மூடிக்கொள்ளும் நாள்களுக்குப் பஞ்சமில்லை. அன்று இலை சரியாகக் கறுக்காவிட்டால் அது குப்பைக்கூடைக்குப் போகும். நோட்டில் பாடநூல் படம் ஏறும். என் பெரிய குறை இதுதான். கறுக்காத இலையிடம் கேட்க எத்தனையோ இருந்தும் யாரும் கேட்பதில்லை.

ரப்பர்த் தோட்டத்து ஞாபகமும் ஆய்வுக்கூடத்துக்குள் வருவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும் மாதங்களில் பால் குறையும் என்பது பால்வெட்டிய பாட்டிகளுக்கு அத்துப்படி. இலையின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய சான்றை எந்தச் சோதனைக் குழாயும் தராது. பேரப்பிள்ளைகளின் வினாத்தாளில் அதற்கு இடமில்லை.

ஆய்வைக் கைவிடச் சொல்லவில்லை. செம்பருத்தி இலைக்குப் பக்கத்தில் சந்தையில் வாங்கிய வெங்காயத்தாளையும் வைத்து, காரணம் சொல்லாமல் ஆசிரியர் அயோடின் விடட்டும். அது கறுக்காதபோது மாணவர் எழுதும் விளக்கத்துக்கு, தவறாக இருந்தாலும், மதிப்பெண் கொடுக்கலாம்.