லாபம், ரெண்டு, மூணு

எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கிறவர் ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார். அடுத்த மரக்கால் நிரம்பும்வரை வாய் ஓயாது: லாபம், லாபம், லாபம்.

விசுத்திமக்கம் படிக்கும்போது அந்தக் குரல் காதில் விழுந்தது. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் பாலியில் எழுதிய நூல். மூச்சை எண்ணி உட்காருகிறவர் முதலில் நெல் அளப்பவரைப் போல எண்ணவேண்டும் என்கிறார். அளப்பவர் ‘ஒன்று’ என்று கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பும்போது தூசி தும்பைப் பொறுக்கி எறிந்தபடியே ‘ஒன்று, ஒன்று’ என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். மனசு நழுவ இடுக்கே கிடையாது.

எண்ணிக்கை ஐந்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மனசு இடம் போதாத பட்டியில் அடைத்த மாடுபோல் தவிக்கும். பத்தைத் தாண்டவும் கூடாது. மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இது எனக்கு அனுபவம். ஒருநாள் பதினேழு வரை போயிருந்தேன். கணக்கு பிசகவில்லை, மூச்சு எங்கே கழன்றுபோனதென்றுதான் தெரியவில்லை.

மூச்சு தெளிவாகப் பிடிபட்டதும் புத்தகோசர் அளப்பவரை அனுப்பிவிட்டு மாட்டுக்காரரைக் கூப்பிடுகிறார். ராத்திரி முழுக்க நெருக்கியடித்துக் கிடந்த மாடுகள் விடிந்ததும் முண்டிக்கொண்டு வருகின்றன. கூழாங்கல்லோடு வாசலில் இருப்பவர் பட்டிக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. வாசலுக்கு வந்ததை மட்டும் மளமளவென்று எண்ணுகிறார்.

பிறகு எண்ணிக்கையே வேண்டாம். மூச்சு உரசும் இடம், மூக்கு நுனியோ மேலுதடோ, அது போதும். மரம் அறுப்பவர் ரம்பப் பல் மரத்தைத் தொடும் இடத்தையே பார்க்கிறார். பல் வருவதும் போவதும் தானே தெரிகிறது. எனக்கு இடது நாசி விளிம்பில், உள்ளே போகையில் ஒரு பொட்டுக் குளிர்ச்சி. வெளியே வருவது தட்டுப்படவே பல நாள் ஆயிற்று.

அடித்த வெண்கலத்தின் ஓசைபோல மூச்சு தேய்ந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போகும். எழுந்துவிடாதே என்கிறார் புத்தகோசர். மூச்சு விடாதவர் யார்? கருவில் இருப்பவர், நீரில் மூழ்கியவர், பிணம். நீ அதில் யார்?

காணாமல்போன மூச்சை எங்கே தேடுவது? அது உரசும் இடத்திலேயே. உழவர் ஓய்வெடுக்கும்போது காட்டுக்குள் போன எருதுகளின் தடம் பார்த்து அலைவதில்லையாம். கயிறும் தார்க்குச்சியுமாக, அவை தண்ணீர் குடிக்க வரும் துறைக்கே நேராகப் போய்விடுகிறார். உட்கார்ந்திருப்பார், படுத்துக்கொண்டாலும் உண்டு.