'தி கோவ்': படம் காட்டாத ஊர்

சூழலியல் ஆவணப்படங்கள்னு பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் 'தி கோவ்' பெயரைச் சொல்லிடுவார். 2009ல் வந்த படம், அடுத்த வருஷம் ஆஸ்கரும் வாங்கியது. இயக்கியவர் லூயி சிஹோயோஸ். ஜப்பானின் வகயாமா மாகாணத்தில் சுமார் 3,000 பேர் வசிக்கும் தைஜி என்ற கடலோர ஊரில் நடக்கும் டால்ஃபின் வேட்டைதான் விஷயம். நல்ல படமா என்றால், விறுவிறுப்பான படம். அந்த விறுவிறுப்புதான் எனக்குப் பிரச்சினை.

வேட்டை நடக்கும் விதத்தைப் படம் தெளிவாகவே சொல்கிறது. படகுகள் வரிசையாக நின்று, தண்ணீருக்குள் இரும்புக் குழாய்களை விட்டுச் சுத்தியலால் தட்டுவார்கள். ஒலியை நம்பி வாழும் டால்ஃபின்கள் மிரண்டு கரைப்பக்கம் ஓடும். சின்ன குடாவுக்குள் வந்ததும் வலையால் வாயை அடைத்துவிடுவார்கள். காட்சிக்கூடங்களுக்கு ஏற்றதை முதலில் பொறுக்கி எடுப்பார்கள். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி இறைச்சிக்கு. கடைசிக் காட்சியில் குடா முழுக்கச் சிவப்பாவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதைப் பதிவு செய்தது பெரிய வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் படத்தின் பெரும்பகுதி எதில் போகிறது? போலிப் பாறைக்குள் கேமரா ஒளித்தது, இரவில் வேலி தாண்டியது, போலீஸ் பின்தொடர்ந்தது. நடுவில் 'ஃபிளிப்பர்' தொடருக்கு டால்ஃபின்களைப் பழக்கி, பிறகு மனம் மாறிய ரிக் ஓபாரியின் கதை. அது உண்மையிலேயே நெகிழ்ச்சியானது. ஊர்க்காரர்களோ கேமராவை மறைக்க வரும் கைகளாகத்தான் தெரிகிறார்கள். ஒரு மீனவருக்கு, அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஆங்கிலச் சொல்லை வைத்து 'பிரைவேட் ஸ்பேஸ்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவர் யார், எத்தனை வருஷமாகக் கடலுக்குப் போகிறார், ஒரு கேள்வி கிடையாது.

இத்தனைக்கும் படத்துக்குள்ளேயே வேறொரு நல்ல படம் ஒளிந்திருக்கிறது. பாதரசம் கலந்த டால்ஃபின் இறைச்சியைப் பள்ளி மதிய உணவில் பரிமாறக்கூடாது என்று தைஜி நகரசபை உறுப்பினர்கள் இரண்டு பேர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் ஊரில் அப்படி நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! படம் அவர்களுக்குச் சில நிமிடங்கள் கொடுத்துவிட்டு மறுபடி பாறைக் கேமராவுக்குப் போய்விடுகிறது.

பாதரசம் சும்மா பயமுறுத்தல் இல்லை. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை டால்ஃபின் தின்ன, ஒவ்வொரு படியிலும் அளவு ஏறிக்கொண்டே போகும். மினமாட்டா நோய்க்கான தேசிய ஆய்வு நிறுவனம் தைஜியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தலைமுடியைச் சோதித்து 2010ல் முடிவை வெளியிட்டது. ஆண்களின் சராசரி 11 பிபிஎம். ஜப்பானியச் சராசரி சுமார் 2.5. நோய் அறிகுறிகள் தென்படவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆக, முதலில் ஆபத்தில் இருப்பவர்கள் படம் வில்லன்களாகக் காட்டும் இதே குடும்பங்கள்தான். படத்தில் பாதரசம் வருகிறது, ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை வருவதில்லை.

எதிர்த்தரப்பின் "நானூறு வருஷப் பாரம்பரியம்" வாதத்தையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 1606லிருந்தே தைஜியில் குழுவாகத் திமிங்கல வேட்டை நடந்திருக்கிறது. 1878ல் குட்டியோடு வந்த ஒரு திமிங்கலத்தைத் துரத்திப் போய் நூறு பேருக்கும் மேல் கடலில் போனார்கள். அந்த ஊருக்கு அது இன்னும் ஆறாத நினைவு. ஆனால் டால்ஃபின்களை மொத்தமாக விரட்டிப் பிடிக்கும் இன்றைய முறை பெரிய அளவில் தொடங்கியது, ஊரில் திமிங்கல அருங்காட்சியகம் திறந்த 1969 வாக்கில், அதன் தொட்டிகளுக்கு உயிரோடு பிடித்து வைக்கத்தான். பாரம்பரியத்தைக் காட்ட ஒரு அருங்காட்சியகம், அதற்காக ஒரு புது வேட்டை! இந்த வரலாற்றைச் சொல்லியிருந்தால் பாரம்பரிய வாதம் தானாகவே ஆட்டம் கண்டிருக்கும். 1878ஐயும் சேர்த்துச் சொல்லியிருந்தால் தைஜிக்காரர்களும் கொஞ்சம் காது கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நடந்தது வேறு. 2010ல் ஜப்பானில் படம் திரைக்கு வந்தபோது தேசியவாதக் குழுக்கள் மிரட்ட, சில திரையரங்குகள் பின்வாங்கின. ஊருக்குள் கேள்வி கேட்க வேண்டிய விஷயம், வெளிநாட்டுக்காரன் நம்மை அவமானப்படுத்திவிட்டான் என்ற விஷயமாக மாறியது. ஆஸ்திரேலியாவின் புரூம் நகரம் 2009 ஆகஸ்டில் தைஜியோடு இருந்த சகோதர நகர உறவை நிறுத்தி, அக்டோபரிலேயே முடிவைத் திரும்பப் பெற்றது.

கொஞ்சமாவது அசைந்தது பணம் வரும் பக்கம். 2015ல் உலக விலங்குக்காட்சி சாலைகள் சங்கம் ஜப்பானியச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. தைஜியில் பிடித்த டால்ஃபின்களை உறுப்பினர்கள் இனி வாங்கக்கூடாது என்று ஜப்பானியச் சங்கம் வாக்கெடுத்து முடிவு செய்தது. தைஜி அருங்காட்சியகம் அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறியது. வேட்டையும் ஒவ்வொரு செப்டம்பரிலும் தொடங்கிக்கொண்டுதான் இருக்கிறது.