மலையே சன்னிதி: தொகாகுஷியை ரசிக்கும் முறை

மலைமீது அமைந்த ஷிந்தோ ஆலயத்தின் அழகை அதன் கட்டடத்தில் தேடுவோருக்குக் கிடைப்பது சொற்பமே. ஷிந்தோ என்பது ஜப்பானியரின் பூர்வீக வழிபாட்டு நெறி. மலை, அருவி, பாறை, முதிர்ந்த மரம், மறைந்த முன்னோர் என எதில் இயல்பை மீறிய ஆற்றல் உறைவதாக உணரப்படுகிறதோ, அதைக் 'காமி' எனப் போற்றி வணங்குவது அதன் அடிப்படை. ஷிந்தோ ஆலயத்தின் உள்ளறையில் பெரும்பாலும் வழிபாட்டுச் சிலை இராது. கண்ணாடி, வாள் போன்ற புனிதப் பொருள் ஒன்று மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும், அதை வந்தவர் எவரும் காண்பதில்லை. ஆகவே காண வேண்டியதெல்லாம் ஆலயத்துக்கு வெளியிலேயே, அதை நோக்கிச் செல்லும் 'சந்தோ' என்னும் நடைவழியிலேயே இருக்கிறது. இதை உணர்ந்து ரசிப்பதற்கு நாகானோ நகரின் வடமேற்கே, 1,904 மீட்டர் உயர்ந்து நிற்கும் தொகாகுஷி மலையின் அடிவாரத்தைவிடப் பொருத்தமான இடங்கள் குறைவு.

தொகாகுஷி ஓர் ஆலயம் அன்று, மலைச்சரிவில் பரவிக் கிடக்கும் ஐந்து ஆலயங்களின் தொகுதி. ஹோகோஷா, ஹினோமிகோஷா, சூஷா, குஸுர்யூஷா, ஒகுஷா என்ற இவ்வைந்தையும் பிணைப்பது ஒரு பழங்கதை. சூரிய தேவதையான அமதெராசு, தம்பியின் அட்டூழியம் பொறுக்காமல் ஒரு குகைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்ள, உலகம் இருண்டது. அவளை வெளியே வரவழைக்க ஓமோயிகானே என்னும் காமி உபாயம் வகுத்தார், உஸுமே என்பவள் குகை வாயிலில் ஆடினாள், சிரிப்பொலி கேட்டு அமதெராசு கதவைச் சற்றே திறந்தபோது தஜிகாராவோ என்னும் பலசாலி அவளை வெளியே கொணர்ந்தான். அவன் பெயர்த்து எறிந்த கற்கதவு வந்து விழுந்த இடமே இம்மலை என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. உபாயம் வகுத்தவர் சூஷாவிலும், ஆடியவள் ஹினோமிகோஷாவிலும், கதவை எறிந்தவன் மலையை ஒட்டிய ஒகுஷாவிலும் வணங்கப்படுகின்றனர். ஓமோயிகானேயின் மைந்தர் ஹோகோஷாவில். எனவே கீழிருந்து மேலே நடப்பவர், கதையைக் காலடியால் வாசித்துக்கொண்டே போகிறார் எனலாம். நேரமில்லை என்று பேருந்தில் நேரே ஒகுஷா வாயிலில் இறங்கிவிடுவோர் பலர். கால் வலுவுள்ளவர் ஹோகோஷாவின் 270க்கும் மேற்பட்ட கற்படிகளில் தொடங்கி, காட்டுக்குள் செல்லும் பழைய வழியாகச் சூஷாவை அடைவதே சிறப்பு.

ஒகுஷாவின் நடைவழி சுமார் 2 கிலோமீட்டர், ஏறத்தாழ நேர்கோடாக ஓடுவது. அதன் தலைவாயிலில் நிற்பது 'தோரி', அதாவது இரண்டு தூண்களும் மேலே குறுக்கு விட்டங்களும் கொண்ட, கதவில்லாத வாயில். அதற்கு அப்பாலுள்ள நிலம் காமிக்குரியது என்பதால் வருவோர் அங்கே நின்று ஒருமுறை தலை வணங்குவர். வழியின் நடுப்பகுதி காமி செல்லும் இடம் என்று கருதி, ஓரமாகவே நடப்பர். முதல் ஒரு கிலோமீட்டர் இலையுதிர் மரங்களின் ஊடே சமதளமாகச் செல்கிறது. இங்கே வேகமாக நடந்து போய்விடுவது பெரும் இழப்பு. ஏனெனில் அடுத்து வருவதன் பொருளை உணர்த்துவது, கண்ணையும் காதையும் நிதானப்படுத்தும் இந்த முதற்பாதிதான்.

பாதி வழியில் செந்நிறத் தூண்களும் கூரைப்புல் வேய்ந்த முகடும் கொண்ட 'ஸுயிஷின்மோன்' வாயில் எதிர்ப்படுகிறது. கூரையின் புல்லின்மீதே பாசியும் சிறு செடிகளும் முளைத்திருப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மனிதன் கட்டியதைக் காடு தனதாக்கிக்கொள்ளும் வேலை இங்கே கண்முன் நடக்கிறது. வாயிலின் இருபுறமும் இன்று காவல் நிற்கும் உருவங்கள் ஷிந்தோ காவலர். முன்பு அவ்விடத்தில் நின்றவை பௌத்தக் காவல் உருவங்கள். இந்த மாற்றத்தை அறியாமல் தொகாகுஷியை அறிந்ததாகாது. 849இல் ஒரு தவசி இம்மலையைத் திறந்தார் என்று மரபு கூறுகிறது. அதன் பின் நெடுங்காலம் இது பௌத்தமும் ஷிந்தோவும் மலைத்தவமும் ஒன்றாய்க் கலந்த தலமாக, 'ஷுகெந்தோ' எனப்படும் மலைத்துறவியரின் பயிற்சிக் களமாக விளங்கிற்று. 1868இல் மெய்ஜி அரசு பௌத்தத்தையும் ஷிந்தோவையும் பிரிக்க ஆணையிட்டதும் புத்த உருவங்கள் அகற்றப்பட்டன, துறவியர் பூசகராயினர். வாயிலைக் கடந்தபின் மரங்களுக்கிடையே கூர்ந்து நோக்கினால், துறவியர் இல்லங்களைத் தாங்கிய கல்வரிசைகள் பாசி மூடிக் கிடப்பதைக் காணலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் மரங்களையே காட்டுவர். இந்தக் கற்களையும் பார்ப்பவரே இம்மலையின் வரலாற்றைப் பார்த்தவர்.

அவ்வாயிலுக்கு அப்பால் ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்துக்கு, 400 ஆண்டுகளுக்கு மேல் வயதான சுகி மரங்கள், அதாவது ஜப்பானியச் சீடார்கள், இருமருங்கும் நிற்கின்றன. இவை தற்செயலாக முளைத்தவை அல்ல. 'எடோ' எனப்படும் ஆட்சிக்காலத்தின் தொடக்கத்தில் வழியழகுக்காக நடப்பட்டவை, பின்னர் மரம் வெட்டத் தடை இருந்ததால் வளர்ந்தவை. படம் எடுப்போர் எல்லாரும் மரவரிசையின் நீளத்தையே எடுக்கின்றனர். ஆனால் ஒரு மரத்தின் அருகில் சென்று, நார்நாராய்ச் செம்பழுப்பாக உரியும் பட்டையையும், வேர் தரையைத் தூக்கி நிற்கும் இடத்தையும் பார்ப்பவருக்கே வயது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மரவரிசை முடிந்ததும் படிகள் செங்குத்தாகின்றன. சன்னிதிக்கு முன்னுள்ள நீர்த்தொட்டியில் அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையையும், கை மாற்றி வலக்கையையும் கழுவி, இடக்கையில் ஏந்திய நீரால் வாய் கொப்பளித்து, இறுதியில் அகப்பையை நிமிர்த்தி எஞ்சிய நீர் பிடிவழியே வழிந்து அதைக் கழுவுமாறு விடுவர். அடுத்து வருபவருக்கு அது தூய்மையாயிருக்க வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் காணிக்கை இட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவது வழிபாட்டு முறை.

ஒகுஷாவின் கட்டடம் சிறியது, அதுவும் கான்கிரீட்டால் ஆனது என்பது பலரை வாடச் செய்கிறது. பழைய மரக்கட்டடத்தைப் பனிச்சரிவு அழித்ததாலேயே இவ்வாறு கட்ட நேர்ந்தது. கட்டடத்தை விட்டுப் பார்வையை உயர்த்தினால், அதன் பின்னே எழுந்து நிற்கும் பாறைச்சுவர் தெரியும், வணக்கம் அதற்கே. கடலடி எரிமலைச் செயல்பாட்டில் உருவான பாறை மேலெழுந்து அரிபட்டே இந்தப் பல்வரிசை போன்ற முகடு அமைந்தது.

அருகிலுள்ள குஸுர்யூஷாவை அவசரத்தில் தவறவிடக் கூடாது. இங்கிருப்பது அந்தக் குகைக்கதையில் இடம்பெறாத, அதற்கு முன்பே இம்மண்ணில் வணங்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒன்பது தலை நாகம். நீருக்கும் மழைக்கும் அதுவே அதிபதி, பல்வலி தீர்க்கவும் வேண்டுவர். அதற்குப் பிரியமான படையல் பேரிக்காய்.

குளிர்காலத்தில் ஒகுஷாவில் பனி மூடிவிடுவதால் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை அங்கே பூசகர் தங்குவதில்லை. மே முதல் நவம்பர் தொடக்கம் வரை செல்வது நன்று. கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் முதல்நாள் இரவே சூஷாவை ஒட்டிய, கூரை வேய்ந்த பழைய பூசகர் விடுதிகளில் தங்கி, விடியற்காலையில் நடக்கத் தொடங்கலாம். திரும்பும்போது சூஷா வீதியில், கூடையில் சிறு சிறு கட்டுகளாக அடுக்கித் தரும் ஸோபா, அதாவது பக்வீட் மாவு நூடுல்ஸ், உண்ணாமல் எவரும் வருவதில்லை.