சூவலின் மன்னிப்பை எடைபோடுதல்

மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692இல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட நீதிமன்றத்துக்கு ஒன்பது நீதிபதிகள் நியமிக்கப்பட்டிருந்தனர். பின்னாளில் ஊரறிய மன்னிப்புக் கேட்டவர் அவர்களில் ஒருவர்தான்: சாமுவேல் சூவல். மனசாட்சியுள்ள நீதிபதி என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. இந்தப் புகழ் பாதிதான் பொருந்தும்.

இங்கிலாந்தில் 1652இல் பிறந்து, சிறுவனாகக் காலனிக்கு வந்து, ஹார்வர்டில் படித்து, ஆட்சிக்குழு உறுப்பினராக உயர்ந்த வணிகர் அவர். முறையாகச் சட்டம் பயின்றவர் அல்லர். ஆனால் 'இன்னாரின் ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளியது' என்ற சொல்லைச் சாட்சியமாக ஏற்கலாமா என்று தயங்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. சக நீதிபதி நத்தானியேல் சால்டன்ஸ்டால் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார். ஆகவே 'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானம் சூவலுக்குச் செல்லாது. தூக்கிலேறிய பாதிரியார் ஜார்ஜ் பரோஸ், ஹார்வர்டில் அவருக்கு ஓராண்டு மூத்தவர். பரோஸின் கடைசிப் பேச்சு கூட்டத்தைக் கலங்கவைத்ததை நாட்குறிப்பில் எழுதிய சூவல், நீதிமன்றத்தை விட்டு விலகவில்லை.

1697 ஜனவரி 14 அன்று பாஸ்டன் தேவாலயத்தில் போதகர் வில்லர்ட் சூவலின் மன்னிப்புச் சீட்டை வாசித்தார். சூவல் சபை முன் எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் தம்மைச் சேரட்டும் என்றது அந்தச் சீட்டு. பதவியில் இருக்கும் ஒருவர் இப்படிச் சொல்வது அன்றும் அரிது, இன்றும் அரிது. தலைமை நீதிபதி ஸ்டோட்டன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் சீட்டைக் கவனித்துப் படியுங்கள். தம் குடும்பத்தின் மீது விழுந்த கடவுளின் அடிகளிலிருந்தே அது தொடங்குகிறது. முந்தைய ஆண்டில்தான் இரண்டு பிள்ளைகளை இழந்திருந்தார். மனிதரிடம் ஒரு சொல்லில் மன்னிப்பு. கடவுளிடம் நீண்ட வேண்டுதல். கொல்லப்பட்டவர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை.

1700இல் அவர் வெளியிட்ட 'யோசேப்பை விற்றல்' என்ற சிறுநூலை நான் இந்த மன்னிப்பைவிட உயர்வாக மதிக்கிறேன். நியூ இங்கிலாந்தில் அச்சான முதல் அடிமை எதிர்ப்பு நூல் அது. ஆதாமின் பிள்ளைகள் எல்லோருக்கும் சுதந்திரத்தில் சம உரிமை என்று வாதிட்டார். நீதிபதி ஜான் சாஃபின் தம் அடிமை ஆடமை விடுவிக்க மறுத்தவர். அவர் சூவலின் நூலை எதிர்த்து நூல் எழுதினார். ஆடம் 1703இல் விடுதலை பெற்றார். ஆனால் 'யோசேப்பை விற்றல்' நூலிலேயே, கறுப்பின மக்கள் வெள்ளையரோடு ஒன்றி வாழவே முடியாது என்றும் சூவல் எழுதினார். அந்த வரிகளை மறைக்கக் கூடாது.

1692ஆம் ஆண்டு நீதிபதியாகச் சூவல் தோற்றவர். அந்த ஆண்டின் மதிப்பு சால்டன்ஸ்டாலுக்கே உரியது. சூவலை நினைவுகூர வேண்டிய ஆண்டு 1697 அல்ல, 1700.